பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவர்

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடைகாலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கினால் வரும் ஓர் அணையின் கரையில் நாங்கள் குடியிருந்தோம். அக்கரையில் ஏலக்காய் எஸ்டேட். ஆட்களையும் மூட்டைகளையும் இக்கரைக்குக் கொண்டுவரும் மோட்டார் படகை ஓட்டுவது என் கணவரின் வேலை. எங்கள் ஒற்றை அறை வீட்டைத் தவிர இக்கரையில் வேறு வீடே கிடையாது. போடிப் பக்கம் சிலமலை என்ற ஊரில் அண்ணன் தம்பி, சித்தப்பா பிள்ளைகள் என்று சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். அந்தத் தண்ணீரையும் மலையையும் பார்த்துப் பார்த்தே பேச்சு மறந்துவிடுமோ என்று சில நாள் பயமாக இருக்கும்.

படகு ரொம்பப் பழசு. கொச்சியில் உப்புத் தண்ணீரில் ஓடியதை எஸ்டேட்காரர்கள் வாங்கி லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். மரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போல்ட்டு, நட்டு, கீல், கயிறு கட்டும் வளையம் என்று இரும்பில் இருந்ததெல்லாம் அரித்து, கை வைத்தால் பொருபொருவென்று உதிர்ந்தது. காய் பறிப்பு இல்லாத கோடையில் படகைக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தி, எல்லாவற்றையும் பித்தளையில் மாற்றிவிடலாம் என்று என் கணவர் போடியிலிருந்து சாமான் வாங்கி வந்தார். பாதி போல்ட்டுகளைக் கழற்றியிருப்பார், அவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

மழைக்கு முன்னால் படகு தண்ணீரில் இறங்காவிட்டால் வேறு படகும் வேறு ஆளும் பார்த்துக்கொள்வோம் என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் வீடும் போகும். போடி ஆஸ்பத்திரிக்குப் போக அவரை எஸ்டேட் ஜீப்பில் ஏற்றியபோது, "நீயும் ஏறு. வேல போனாப் போகுது" என்றார்.

"ஒங்க அக்கா கூட இருந்து பாத்துக்கிருவாங்க. நான் இங்க இருந்து படக முடிக்கிறேன்."

"ஒனக்கு இதுல என்ன தெரியும்?"

"நீங்க கழட்டும்போது பக்கத்துலதான நின்னேன். மாட்டத் தெரியாதா?"

அவருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஜீப் வளைவில் மறைந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று எனக்கு உறைத்தது.

கீல்களும் வளையங்களும் நான் நினைத்ததைவிடச் சுலபமாகவே மாறின. துருவேறிய நட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைப்பேன். மறுநாள் அசைந்தால் சரி, அசையாவிட்டால் ரம்பத்தால் அறுத்து, சுத்தியலால் தட்டி வெளியே தள்ளுவேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பேச ஆளில்லாமல், "வாடா, வந்துரு" என்று நட்டுகளோடு பேச ஆரம்பித்தேன். என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும். சாயங்காலமானால் எதிர்மலையில் ஜீப் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வாசலில் நிற்பேன். ஒருநாள் ஜீப் டிரைவர் வந்தார்.

"கண்ணு இன்னும் மஞ்சளாத்தேன் இருக்கும்மா. வாந்தியும் நிக்கலையாம்" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

அடிப்பலகை போல்ட்டுகளில்தான் நான் மாட்டிக்கொண்டேன். படகுக்கு வெளியே போல்ட்டின் தலையை ஒருவர் திருப்புளியால் அசையாமல் பிடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் குனிந்து ஸ்பேனரால் நட்டை முறுக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருக்க முடியாது. திருப்புளிக்குக் கல்லால் முட்டுக் கொடுத்தேன், கயிற்றால் இழுத்துக் கட்டினேன். உள்ளே போய் நட்டைத் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்தே சுற்றியது. ஒருநாள் காலை முழுவதும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்துவிட்டு, படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் கரையோரமாக ஒருவர் வந்தார். நடுத்தர வயது, தோளில் ஒரு சாக்குப் பை. என்னையும் படகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒற்றய்க்காணோ?" என்றார். தனியாகவா இருக்கிறாய் என்று கேட்கிறார். என் கை சுத்தியலைத் தேடியது.

"இல்ல. எம் புருசன் வீட்டுக்குள்ள படுத்திருக்காரு."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவில் பூட்டுத் தொங்கியது. பையை இறக்கி வைத்து, கீழே கிடந்த திருப்புளியை எடுத்துக்கொண்டு படகின் மறுபக்கம் போனார். "ஞான் புறத்து பிடிக்காம் பெங்ஙளே. நீ அகத்து திரிச்சோ" என்று அங்கிருந்து குரல் வந்தது. நான் வெளியே பிடிக்கிறேன் தங்கச்சி, நீ உள்ளே முறுக்கு என்கிறார்.

சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டுதான் உள்ளே ஏறினேன். தண்ணீர் கசியாமலிருக்கத் தார் தடவிய நூலைச் சுற்றிய போல்ட்டை அவர் வெளியிலிருந்து செருகி, பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். நான் முறுக்கி முடித்து ஒரு தட்டுத் தட்டுவேன். அவர் அடுத்ததற்கு நகர்வார். முகம் தெரியாது, பேச்சும் இல்லை. மத்தியானம் கஞ்சியும் துவையலும் பாறைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவராகவே மறுபக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

வேலை முடிகிற நேரம். ஒரு நட்டைப் பாதி முறுக்கியபோது எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இந்நேரம் என் கணவருக்கு எப்படி இருக்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான். ஸ்பேனரைப் போட்டுவிட்டு, படகுக்குள் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தேன். ஜீப் போன நாளிலிருந்து அழாத அழுகை. வெளியே கேட்கும் என்றுகூடத் தோன்றவில்லை. ரொம்ப நேரம் அழுதேன். பலகையில் ஒரு தட்டுக்கூடக் கேட்கவில்லை. என்னவென்று வெளியே நின்றவர் கேட்கவுமில்லை. இந்த மனிதர் போயிருப்பார் என்றே நினைத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டித் திருப்பினேன். போல்ட்டு சுற்றவில்லை. இவ்வளவு நேரமும் அவர் திருப்புளியை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடியே நின்றிருக்கிறார்.

கடைசிப் போல்ட்டு முடிந்து நான் இறங்கியபோது அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இருங்கண்ணே, காப்பி போடுறேன்" என்றேன். வெயில் இறங்குகிறது, தூரம் போகவேண்டும் என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டு, கரையோரமாகவே நடந்து போனார்.

மழை தொடங்கும்போது என் கணவர் பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று அடிப்பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"வெளிய யாரு பிடிச்சா?"

"வழியில போன ஒருத்தரு."

அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளில் எல்லாம் விசாரித்தார். யாருக்கும் அப்படி ஓர் ஆளைத் தெரியவில்லை.

துக்க வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால் எனக்கு இன்றைக்கும் ஆறுதல் சொல்ல வராது. ஆனால் அழுகிறவர் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது போதும் என்பதை, முகம்கூடச் சரியாக நினைவில் இல்லாத அந்த மனிதரிடம்தான் தெரிந்துகொண்டேன்.