எதிர் சென்டரில் ஏழு நிமிடம்

நாமக்கல்லில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவன் நான். ஒரு தலையைப் படம் பிடிக்க எங்கள் பழைய மெஷினுக்கு அரை மணி நேரம் வேண்டும். நடுவில் ஆள் அசைந்தால் படம் கலங்கிவிடும். மறுபடி எடுக்க வேண்டும். போர்வெல் போடும் ரிக் வண்டியில் குலுங்கியே பழகிய ஆட்களைக்கூட, "அசையாதீங்க சாமி, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று மைக்கில் கெஞ்சிக் கல்லாகப் படுக்கவைப்பேன். டாக்டர்கள் என்னை நம்பி ஆள் அனுப்பியதே அதற்காகத்தான்.

போன வருடம் எதிரிலேயே புது சென்டர் திறந்தார்கள். ஏழே நிமிடமாம். ஆள் கொஞ்சம் அசைந்தாலும் கம்ப்யூட்டரே படத்தைச் சரிசெய்துவிடுமாம். எங்கள் பெஞ்சு காலியானது. எனக்கு வயிறு எரிந்தது. அதெப்படிச் சரிசெய்யும், பார்த்துவிடலாம்!

தலைவலி என்று டாக்டரிடம் பொய் சொல்லிச் சீட்டு வாங்கி, அங்கே போய்ப் படுத்தேன். மெஷின் ஓட்டும் பெண் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள் என்பதால் பெரிதாக ஆடவில்லை. எப்போது எவ்வளவு அசைந்தால் படம் கெடும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மெஷின் படம் பிடிக்கும் சத்தம் வந்தபோதெல்லாம் முகவாயை இறக்கினேன், தலையை ஒரு நூல் திருப்பினேன், எச்சில் விழுங்கினேன். ஏழு நிமிடமும் ஓயவில்லை.

வெளியே வந்து திரையைப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு நிழல் இல்லை.

"ஆடாம அசையாம படுத்திருந்தீங்கண்ணா" என்றாள் அந்தப் பெண். "படம் கண்ணாடியாட்டம் வந்திருக்குதுங்க."

"பழக்கமுங்க" என்றேன்.