திருப்பிச் சொல்லும் பாடம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் அவளே பாடம் சொல்லிக்கொடுத்தாள்; அவள் வீட்டில் பள்ளிக்கூடம் என்பது சாப்பாட்டு மேசைதான். பெரியவள் அங்கே வாதம் செய்யப் பழகுவாள், நடுவிலுள்ளவன் இலக்கணம் படிப்பான், கடைக்குட்டி செய்யுள் உருப்போடுவாள். மூவருக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு. அம்மா பழங்கதையை ஒருமுறைதான் வாசிப்பாள்; எழுந்து கைகட்டி நின்று, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் படிப்பு முறை. பிள்ளைகள் தேறிவிட்டார்கள். அவளுக்குத்தான், நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசியும் யாரோடும் பேசாதது போலிருந்தது.

அன்று மாலை அதே மேசையில் கணவன் கைபேசியைப் பார்த்தபடி சாப்பிட்டான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவன் 'ம்' கொட்டினான். பழக்கதோஷம், அவளுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

அவன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான். "குழாய் ஒழுகுதுன்னு சொன்னியே?"

"அது போன வாரம்."

கடைக்குட்டி எழுந்து கைகட்டி நின்றாள். "அம்மாவுக்குப் பேச ஆளே இல்லையாம். நீங்க வந்தா என்ன பேசணும்னு பகல் பூரா மனசுக்குள்ள சொல்லிப் பாப்பாங்களாம். நீங்க 'ம்' கொட்டினதும் எல்லாம் மறந்துபோயிடுதாம்." பிறகு, வழக்கம்போல அம்மாவைப் பார்த்தாள். "ஏதாவது விட்டுட்டேனாம்மா?"

"இல்லடி கண்ணு. உட்காரு."