மூன்று கால் நண்டு

வேதாரண்யம் பக்கம் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, தினமும் காலையில் உப்பங்கழிக் கரைமேல் நடந்தேன். மேடு பள்ளமில்லாத மண்கரை. ஒரு பக்கம் உப்புநீர், மறுபக்கம் நெல்வயல். என் முழங்காலுக்கும் இரும்புப் பூண் போட்ட கைத்தடிக்கும் ஏற்ற வழி.

அங்கே கரைக் காவலர் ஒருவர் இருந்தார். வெறுங்கால், அகலமான பாதம், தலையில் பச்சைத் துண்டு. வயலுக்குள் உப்புநீர் கசிந்துவிடாமல், நண்டு வளைகளைச் சேறு வைத்துக் குதிகாலால் மிதித்து அடைப்பார். நான் வந்ததும் பத்தடி பின்னால் நடந்து வருவார். ஓய்வுபெற்ற பொறியாளருக்குக் காட்டும் மரியாதை என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

ஐந்தாம் நாள், "கூடவே வாங்களேன், பேசிக்கிட்டே போகலாம்" என்றேன்.

"நீங்க முன்னால போங்கய்யா. நண்டுங்க போடுற வளையவே அடைச்சு முடியல. இப்ப மூணு கால் நண்டு வேற ஒண்ணு வந்திருக்கு" என்று சிரித்தார்.

திரும்பிப் பார்த்தேன். என் தடி குத்திய குழிகள் அத்தனையையும் அவர் குதிகால் மூடியிருந்தது. முப்பது வருடம் வாய்க்கால் கரை கட்டியவன் நான்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"பெரிய இன்ஜினியர்னாங்க. கரை கெட்டியா இருக்கான்னு குத்திப் பாக்குறீங்கன்னு நெனச்சேன். மணல்மேட்டுப் பக்கம் போங்கய்யா. எவ்வளவு வேணாலும் குத்துங்க, காத்தே மூடிரும்."

உண்மையாகவே அப்படி நினைத்தாரா, என் மானத்தைக் காப்பாற்றினாரா, தெரியவில்லை. தடிக்கு இப்போது ரப்பர் மாட்டிவிட்டேன். அன்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் வந்ததுதான் இன்னும் குத்துகிறது.