இரண்டு கேட் வைத்த வீடு

அம்பகரத்தூர் சாலையில் புதிதாகப் போட்ட நகரில் மனை வாங்கியபோது, சதுர அடி விலைதான் மொத்த விலை என்று நாங்கள் நினைத்திருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முன்பணம் கொடுத்த பிறகு, மனை விற்றவர்களின் மேனேஜர் பத்திரச் செலவு, ரோட்டுக்குப் பங்கு, வடிகாலுக்குப் பங்கு, கரண்ட் கம்பத்துக்குப் பங்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு சொன்னார்.

என் கணவர் சாதுவானவர். "அப்ப நாங்க கொடுத்தது எதுக்குங்க?" என்று பணிவாகக் கேட்டார்.

"அது மண்ணுக்கு சார். இது மண்ணுக்குப் போற வழிக்கு."

வழியில்லாத மண்ணில் ஹெலிகாப்டரிலா போய் இறங்க முடியும்? எல்லாவற்றையும் கட்டினோம்.

குறை சொல்லக் கூடாது, ரோடு வந்தது. வடிகாலும் வந்தது. ஒரு நாள் கம்பமும் வந்து, எங்கள் மனைக்கு முன்னால் நட்டநடுவில், பிளானில் கேட் வரைந்திருந்த அதே இடத்தில் நின்றது. மேனேஜரிடம் கேட்டால், கம்பத்துக்குக் கம்பம் அளந்துதான் நடுவார்கள், வாசல் பார்த்து நடமாட்டார்கள் என்றார். மின்துறையில் விசாரித்தோம். தாராளமாக நகர்த்தலாமாம், செலவு முழுக்க எங்களுடையதாம்.

அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய என் கணவருக்கு அங்கேதான் ரோஷம் வந்தது. "நடுறதுக்கும் நாம, புடுங்குறதுக்கும் நாமளா? அது அங்கயே நிக்கட்டும்" என்றுவிட்டார்.

கொத்தனார் யோசித்து ஒரு வழி சொன்னார். கேட்டை ஒரு ஓரமாக வைத்தால் வீடு கோணலாகத் தெரியும். கம்பத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்துவிட்டால் இதில் வந்து அதில் போகலாம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்கூட்டர். ஆனாலும் என் கணவருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வீடு மந்திரிக்க எங்கள் மாதா கோயிலிலிருந்து வந்த பங்குச் சாமியார் இரண்டு கேட்டுக்கும் தீர்த்தம் தெளித்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, கம்பத்துக்கும் தெளித்தார்.

தெரு எங்கள் வீட்டோடு முடிகிறது. அதனால் வண்டி திருப்ப வேண்டியவர்கள் எல்லோரும் எங்கள் வாசலுக்குள் நுழைந்து திரும்பினார்கள். ஒரு நாள் காலை சிலிண்டர் ஆட்டோவும் பள்ளிக்கூட வேனும் எதிரெதிரே நுழைந்து, என் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் முட்டிக்கொள்ளப் பார்த்தன. அன்றைக்கே என் கணவர் பெயிண்ட் வாங்கி வந்து ஒரு கேட்டில் 'உள்ளே' என்றும் மற்றதில் 'வெளியே' என்றும் அம்புக்குறி போட்டு எழுதினார்.

வீட்டு வரி போடுவதற்காகக் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஒருவர் வந்தது அதற்குப் பிறகுதான். முறையாக 'உள்ளே' வழியாகவே வந்தார்.

"மண்டபமாங்க, ஓட்டலாங்க?"

வீடு என்றேன். வீட்டுக்கு எதற்கு அம்புக்குறி என்று கேட்டார். வியாபாரக் கட்டடம் என்று எழுதிவிட்டால் வரி எங்கேயோ போய்விடும். பதறிப்போய் அவரை அடுப்படிக்கே கூட்டிப்போய், கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பைக் காட்டினேன்.

"ஓட்டல்லயும் அடுப்படி இருக்குங்களே" என்றார்.

என் கணவர் அவரைக் கம்பத்தடிக்கு அழைத்துப்போய், சதுர அடி விலையிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னார். அவர் கேட்டு முடித்தார். பிறகு மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். குரும்பகரம் பக்கம் அவரும் இதே மாதிரி ஒரு நகரில் மனை வாங்கியவராம்.

"ஒங்களுக்குக் கம்பத்தோட போச்சுங்க. எங்க நகர் வடிகா மொத்தமும் எங்க வாசல்ல வந்து முடியுது. மேக்கொண்டு போறதுக்கு நான் தனியா கட்டணுமாம்."

இருவரும் வெகுநேரம் மேனேஜர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் குடியிருப்பு என்றே எழுதிக்கொண்டார். அம்புக்குறியை மட்டும் அழித்துவிடச் சொன்னார்.

என் கணவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். நோட்டீஸ் வந்த அன்றே வரி கட்டக் கிளம்பிப் போனார். கவுண்டரில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வரச் சொன்னார்கள். திரும்பும் வழியில் கிளிஞ்சல்மேட்டு மீன்கார அம்மா ஒருத்தர் கூடையில் பெரிய பெரிய இறாலாக வைத்திருந்திருக்கிறார். வரிப் பணத்தில் பாதி அங்கே போயிற்று.

பையை வாங்கி இறாலை உரித்தேன். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தேன். வரியை அடுத்த மாதச் சம்பளத்தில்தான் கட்டினோம்.