சிவமலர் அக்காவும் ஐந்தாம் நிபந்தனையும்

சிவமலர் அக்கா போய்விட்ட செய்தியை எனக்கு முதலில் சொன்னவர், அவர் வீட்டுக்குப் பக்கத்து அரிசி ஆலைக்காரர். நான் வேலை செய்யும் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா காலமை மோசம்போட்டா, தம்பி. செத்தவீட்டுச் சனத்துக்குத் தூசு படக்கூடாதெல்லோ, இண்டைக்கு மில்லை நிப்பாட்டி வைச்சிருக்கிறன்" என்றார். அவருடைய பண்பைப் பாருங்கள். நான் நன்றி வேறு சொன்னேன்.

எங்கள் பிரதேச சபையில் அக்கா தொழில்நுட்ப உத்தியோகத்தர். கட்டட விண்ணப்பங்களைப் பார்வையிட்டு, அனுமதிக்கு என்ன நிபந்தனை போடலாம் என்று சொல்பவர். அதைக் கடிதமாக்கும் எழுதுநர் நான். அவருடைய வாய் உங்களுக்குத் தெரியும். கடை கட்ட வந்த ஒருவரிடம் கோயில் வீதிக்குப் போடக் கிறவல் மண் கேட்கலாமா என்று ஒருமுறை தவிசாளர் கேட்டார். "கேக்கலாம் ஐயா, தட்டேந்திக் கேக்கலாம். அனுமதிக் கடிதத்தில கேக்கேலாது" என்றார். தவிசாளர் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

ஆலை கட்ட விண்ணப்பம் வந்தபோது, பக்கத்து வளவு தன்னுடையது என்று கோப்பிலேயே எழுதிவிட்டு அக்கா விலகிக்கொண்டார். வேறு சபையிலிருந்து வந்து பார்த்த உத்தியோகத்தர், உமித்தூசைப் பிடிக்க மூடிய அறை ஒன்று கட்டாயம் வேண்டும் என்றார். தவிசாளருக்கோ விளையாட்டு மைதானத்துக்கு மதில் வேண்டும். காசுக்காரன் கட்டட்டுமே என்றார். நானும் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். தூசு அறையையும் மைதான மதிலையும் கட்டி முடித்த பிறகே இயந்திரம் ஓடலாம் என்று ஐந்தாம் நிபந்தனையை ஒரே வசனமாக எழுதினேன். பிரித்து எழுதினால் மதிலைத் தட்டிக்கழிப்பார், சேர்த்து எழுதினால் தப்ப வழியில்லை என்று நினைப்பு.

என் மேசையில் அதை அக்கா கண்டுவிட்டார். "மதிலை வெட்டுங்கோ. மில்லாலயோ மதில் இல்லாமல் போனது? கோட்டுக்குப் போனால் அது அறையையும் இழுத்துக்கொண்டு போகும்" என்றார். இது உங்கள் வீட்டு விடயம், நீங்கள் தலையிடக் கூடாது என்று சொன்னேன். அவருக்கே விதி படிப்பித்த என் வாயை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அக்கா தன் மேசைக்குப் போய்விட்டார்.

ஆலைக்காரர் வவுனியாவில் வழக்குப் போட்டார். கட்டக் கேட்ட கட்டடத்தோடு தொடர்பில்லாத எதையும் நிபந்தனையாக விதிக்க முடியாது; மதிலையும் அறையையும் பிரிக்க முடியாதபடி வசனம் இருக்கிறது; ஆகவே ஐந்தாம் நிபந்தனை முழுவதும் செல்லாது. தீர்ப்பு அதுதான். கொடுத்த அனுமதியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் வழியில்லை என்றார்கள். மறுநாளே இயந்திரம் ஓடியது. செட்டிகுளத்திலிருந்து நெல் லொறிகள் வரிசையாக வந்தன.

அக்காவுக்கு முன்பே மூச்சிழுப்பு இருந்தது. ஓய்வு பெற்று, அந்த வீட்டில் தனியாக, யன்னல்களுக்கு ஈரச்சீலை கட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தார். நான் போகும்போதெல்லாம் கதிரையைத் துடைத்துத் தருவார். "பாத்து இருங்கோ, உங்கட வசனம் கொஞ்சம் ஒட்டிக்கிடக்கு" என்பார். சிரிக்கமாட்டார். மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான்: ஒரு நிபந்தனைக்கு ஒரு வசனம். போன கிழமை ஆலையைப் பெருப்பிக்க விண்ணப்பம் வந்தது. தூசு அறையை மட்டும், தனியாக, எழுதி அனுப்பினேன். அக்கா பார்த்தாலும் பிழை பிடிக்கமாட்டார். இன்று ஆலைக்காரரின் சட்டத்தரணி பதில் அனுப்பியிருக்கிறார்: பக்கத்து வீட்டில் இப்போது எவரும் குடியிருக்கவில்லை, ஆதலால் இந்த நிபந்தனைக்குத் தேவை இல்லை.