ஜூனிப்பருக்கு ஊற்றிய தண்ணீர்

நாங்கள் குடியேறிய மவுண்ட் ரோஸ்கில் என்ற ஊரில், வாடகை வீட்டின் பின்கதவருகே ஒரு தொட்டியில் அப்பாவின் ஜூனிப்பர் இருந்தது. என் முழங்கால் உயரம்கூட இல்லாத புதர், தொட்டால் குத்தும். சின்னச் சின்னதாய் நீலக் காய்கள் பிடித்திருக்கும். பழமென்று நினைத்து ஒன்றைக் கடித்துத் துப்பியிருக்கிறேன். அது பழமல்ல, பைன் மரத்தில் இருக்கிறதே, அதே மாதிரிக் கூம்புதான் என்றார் அப்பா. வறண்ட மலையில் பாறை இடுக்கில் வளர்வது, அதிகம் தண்ணீர் கேட்காது என்று கடைக்காரர் சொன்னதற்காகவே அதை வாங்கி வந்திருந்தார். "இதுவும் என்னை மாதிரித்தான்" என்று சிரிப்பார்.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். காலையிலேயே அம்மா அதைப் போத்தலில் அளந்து வைத்துவிடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் நீட்டுகிற குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு மட்டும் அளவு. எட்டு வயதில் எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அம்மாமீது ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

சாமித்தட்டில் இருக்கும் செம்புத் தண்ணீரைத் தினமும் மாற்றுவது என் வேலை. பழைய தண்ணீரைக் கால் படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும். அப்பாவுக்குக் கொடுக்க முடியாததை அவருடைய செடிக்காவது கொடுப்போம் என்று ஜூனிப்பரின் அடியில் ஊற்றினேன். சாமித் தண்ணீர் அல்லவா, அப்பாவுக்கும் சுகமாகும் என்று நம்பினேன். அது போதாதென்று குழாயிலும் பிடித்து ஊற்றினேன்.

குளிர்காலம் முடிவதற்குள் செடி பழுப்பாகிவிட்டது. அம்மா பிடுங்கிப் பார்த்தார். வேர் அழுகி நாறியது.

"ஆர் இதுக்கு இவ்வளவு தண்ணி விட்டது?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"நான்தான். என்ர போத்தலில இருந்து ஒவ்வொரு நாளும் விட்டனான்."

"அப்ப நீங்கள் எதைக் குடிச்சனீங்கள்?"

அப்பா செத்த செடியைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிக்குப் போனார்.

அன்றிலிருந்து குழாய்ச் சத்தம் கேட்டாலே அம்மா ஓடி வந்து நிற்பார். அப்பா பல் துலக்கும்போதும் கதவு திறந்திருக்க வேண்டும். டயாலிசிஸுக்குப் போன இடத்தில் உடம்பில் நீர் சேர்ந்து எடை கூடியிருந்தால், "களவாக் குடிக்கிறீங்கள்" என்று அழுவார். இல்லையென்று அப்பா சொன்னதை, அப்பா சாகும்வரை அம்மா நம்பவில்லை.

நான் பேச்சு வாங்காமல் தப்பிய சந்தோஷத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா தன் வீட்டில் நிம்மதியாக வாய் கொப்பளித்திருப்பார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.