பூஜை லீவில் நான் பூட்டிய நெட்வொர்க்

லேப் முழுக்க சந்தன வாசனை... ஏசி குளிரில் இன்னும் கெட்டியாக மூக்கில் ஏறும். மானிட்டர் ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆரணியில் சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். நெட்வொர்க் என் பொறுப்பு. ஆறு பிளாக். எது மாற்ற வேண்டுமென்றாலும் வெயிலில் பிளாக் பிளாக்காக நடக்க வேண்டும்.

அலுத்துப்போய் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்த இணைப்பில் கம்ப்யூட்டர் ஓடவில்லையோ, அதை அதுவே அடைத்துவிடும். கண்டவர்கள் லேப்டாப்பைச் சொருகக் கூடாது என்பது பிரின்சிபால் உத்தரவு. எதையும் சந்தேகப்படுகிற ஆள் நான். மூன்று தடவை சோதித்தேன். யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று ஆயுத பூஜை லீவில் ஓடும்படி வைத்துவிட்டுப் போனேன்.

லீவு முடிந்த காலை, பத்து மணிக்கு ஒரு கம்பெனியின் ஆன்லைன் டெஸ்ட். ஃபைனல் இயர் பிள்ளைகள் உட்கார்ந்தாயிற்று. லேப் அசிஸ்டெண்ட் ரேவதியின் தங்கை சுமதியும் அதில் ஒருத்தி. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். இந்த வேலை கிடைத்தால்தான் கல்யாணப் பேச்சு நிற்கும்.

ஒரு கம்ப்யூட்டரிலும் நெட் வரவில்லை.

சர்வரில் பார்த்தேன். ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்திருந்தது. அதனால் அதைச் சந்தேகிக்கவே இல்லை. எலி கடித்திருக்கும் என்று ரேவதியை டேபிளுக்கு அடியில் அனுப்பினேன்.

"இன்னா மேடம், அத்தினி ஒயரையுமா கடிக்கும்? எலிக்கு வேற வேல இல்லியா?"

அரை மணி நேரம் போனது. கம்பெனி ஆள் வாட்சைப் பார்த்தார். "மதியம் எனக்கு வேலூர்ல டெஸ்ட் இருக்குங்க."

ரேவதி முட்டி போட்டபடியே சொன்னாள். "பூஜைக்கு நான்தான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி பொட்டு வச்சேன். ரெண்டு நாளா ஒருத்தரும் தொடல. அதுக்குள்ள இன்னா ஆயிருக்கும் மேடம்?"

சர்வர் பக்கம் திரும்பினேன்.

இரண்டு நாள் சர்வர் தவிர ஒரு கம்ப்யூட்டரும் ஓடவில்லை. ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்திருக்கிறது... காலேஜ் மொத்தத்தையும் அடைத்திருக்கிறது. இந்த ஊரிலேயே பிறந்தவள் நான். ஆயுத பூஜையன்று பட்டுத் தறிகூட ஓடாது என்று எனக்குத் தெரியாதா?

அதைவிட, அடைக்க எழுதிய நான் திறக்க எழுதவே இல்லை.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். "ஜல்தி மேடம், அவரு பையத் தூக்கிகினு நிக்கிறாரு" என்று ரேவதி வாசலிலிருந்து கத்தினாள்.

பத்தே முக்காலுக்கு டெஸ்ட் ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தை நாற்பது நிமிஷமாகக் குறைத்துவிட்டார் கம்பெனி ஆள்.

பிரின்சிபால் கேட்டதும், "கரண்ட் ஏறி இறங்குச்சு சார்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. பக்கத்தில் ரேவதி நின்றிருந்தாள்.

வேலை கிடைத்தவர்கள் லிஸ்டில் சுமதி பெயர் இல்லை. தை மாதம் கல்யாணம். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது சென்னையில், ஒரு பெரிய கேம்பஸில் வேலை. ஒரு கிளிக்கில் எல்லாக் கட்டடமும் மாறும். தப்பானால் இன்னொரு கிளிக்கில் பழையபடி ஆகிவிடும். என்னுடன் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு வெயிலில் ஓட்டமும் இல்லை, பொய் சொல்லும் அவசியமும் இல்லை.

போன மாசம் ரேவதி போன் செய்தாள். சுமதியின் பெண் காலேஜில் கம்ப்யூட்டர் பிரிவு எடுத்திருக்கிறாளாம். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்...

"அன்னிக்கு அந்தப் பாழாப்போன கரண்ட் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, இல்ல மேடம்?"

"ம்ம்" என்றேன்.